கம்பளியும் கைவினையும் வளர்த்த ஊர்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில், வசதி படைத்தவர்கள் ஓய்வுக்குத் தேடி வரும் ஊர்களில் சிப்பிங் கேம்டன் ஒன்று. தெருவின் இருபுறமும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள். பழைய கட்டடங்களுக்குள் உயர்தர ஓட்டல்கள். இத்தனை அழகுக்கும் முதல் போட்டவை செம்மறியாடுகள்.

14ஆம் நூற்றாண்டில் காட்ஸ்வோல்ட்ஸ் கம்பளிக்கு ஐரோப்பிய நெசவாளர்களிடம் பெரும் கிராக்கி இருந்தது. அந்த வணிகத்தில் செல்வம் குவித்தவர் வில்லியம் கிரெவல். 1380 வாக்கில் அவர் கட்டிய வீடு ஹை ஸ்ட்ரீட்டில் இன்றும் நிற்கிறது. 1401இல் மறைந்த அவருடைய உருவத்தைப் புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் பித்தளைத் தகட்டில் பார்க்கலாம்.

அடுத்த பெரும்புள்ளி லண்டன் துணி வணிகர் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ். 1612இல் ஏழை முதியோருக்கு வீடுகளும், 1627இல் சந்தை மண்டபமும் கட்டிக்கொடுத்தார். அவருடைய மாளிகை 1645இல் உள்நாட்டுப் போரில் எரிந்துபோனது. தப்பிய விருந்து மண்டபம் ஒன்றில் இப்போது பயணிகள் வாடகைக்குத் தங்கலாம்.

கம்பளி வணிகம் நொடித்தபின் ஊர் அடங்கிக் கிடந்தது. 1902இல் சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர், கிழக்கு லண்டனில் தாம் நடத்திவந்த கைவினைஞர் சங்கத்தை அப்படியே இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார். தொழிலாளர்களும் குடும்பத்தினருமாகச் சுமார் 150 பேர் குடியேறினார்கள். பழைய பட்டு ஆலை வெள்ளி வேலைக்கும் மரவேலைக்கும் பட்டறை ஆயிற்று.

ஆஷ்பியின் இந்தக் கைவினைக் கனவு ஒரு தமிழரையும் ஈர்த்தது. கொழும்பில் சர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கையில் கனிம ஆய்வுப் பணியில் இருந்தபோது, அந்நிய ஆட்சியில் உள்ளூர்க் கைவினைகள் நசிந்துபோவதைக் கண்டு மனம் வருந்தினார். பக்கத்துக் கிராமமான பிராட் கேம்டனில், 12ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயத்தின் மிச்சத்தை அவருக்கு வீடாக்கித் தந்தார் ஆஷ்பி. 1907இல் குமாரசுவாமி இங்கிலாந்து வந்து அதில் குடியேறினார். அங்கேயே, கைவினை இயக்க முன்னோடி வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியில், ‘மீடிவல் சிங்களீஸ் ஆர்ட்’ நூலை அச்சிட்டு 1908இல் வெளியிட்டார். 425 பிரதிகள்தாம். கண்டியின் சிற்பி, தச்சர், நெசவாளர் கைத்திறனைப் பதிவு செய்த அந்த நூல் கீழைத்தேயக் கலை ஆய்வில் ஒரு மைல்கல்.

ஆனால் ஆஷ்பியின் சங்கம் நிலைக்கவில்லை. அதன் வாடிக்கையாளர்கள் லண்டனில் இருந்தார்கள். மலிவான இயந்திரப் பொருள்களும் சந்தையில் மலிந்தன. 1908இல் சங்கம் கலைந்தது. என்றாலும் கைவினைஞர்களில் சிலர் ஊரைவிட்டுப் போகவில்லை. பட்டு ஆலையில் வெள்ளிப் பட்டறை ஒன்று இன்றும் இயங்குகிறது. ஊரின் பழைய கட்டடங்களைக் காக்க, செதுக்கோவியர் எஃப். எல். கிரிக்ஸ் முன்நின்று 1929இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார். 1940களில் சந்தை மண்டபம் அமெரிக்காவுக்கு விற்கப்படும் நிலை வந்தபோது, ஊர்மக்கள் பணம் திரட்டி அதை மீட்டார்கள். பணம் படைத்தவர்கள் எழுப்பியதைப் பாதுகாத்தவர்கள் கைவினைஞர்களும் சாதாரண மக்களும்தாம்.

லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் மோர்டன்-இன்-மார்ஷ் வந்து, அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ கேம்டனை அடையலாம். ஹை ஸ்ட்ரீட்டோடு திரும்பிவிடாமல், பட்டு ஆலைப் பட்டறையைப் பாருங்கள். ஒன்றரை கிலோமீட்டர் நடந்து பிராட் கேம்டனுக்கும் போங்கள். குமாரசுவாமியின் வீடு தனியார் குடியிருப்பு என்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். தமிழர்கள் அதற்காகவே போய்வரலாம்.