நோய் திரும்புதலும் மரணமும்: 1995ஆம் ஆண்டு முடிவுரை ஒன்றின் மறுவாசிப்பு

1933இல் செயின்ட் லூயிஸ் நகரில் எவர்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய்க்காக ஒருபக்க நுரையீரல் முழுவதையும் அகற்றியது, 1950இல் பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில் குழுவினர் ஒரு மடலை மட்டும் எடுப்பதற்காக வாதிட்டது, 1973இல் சிகாகோவின் ஜென்சிக் மடலின் ஒரு கூற்றை மட்டும் எடுத்த 15 ஆண்டு அனுபவத்தை வெளியிட்டது ஆகியவை துறையினர் அறிந்தவை. வெட்டின் அளவு இப்படிப் படிப்படியாகக் குறைந்துவந்தது. அந்தப் போக்கை 1995இல் ஓர் ஆய்வு நிறுத்தியது. அதன் தரவோடு எனக்குப் பிணக்கில்லை. அதிலிருந்து பெறப்பட்ட முடிவோடுதான் மாறுபடுகிறேன்.

ராபர்ட் கின்ஸ்பெர்க்கும் லாரன்ஸ் ரூபின்ஸ்டைனும் எழுதிய அக்கட்டுரை, வட அமெரிக்க நுரையீரல் புற்றுநோய் ஆய்வுக் குழு 1982 முதல் 1988 வரை சேர்த்த நோயாளிகளைப் பற்றியது. 3 செ.மீ.க்கு மிகாத கட்டி, நிணநீர்க் கணுக்களில் பரவல் இல்லை. பகுப்பாய்வுக்கு வந்தவர்கள் 247 பேர்: 125 பேருக்கு மடல் முழுதும் எடுக்கப்பட்டது, 122 பேருக்குச் சிறு பகுதி மட்டும். சிறு பகுதி எடுத்தவர்களிடம் அறுவை நடந்த இடத்திலும் அருகிலும் நோய் திரும்புவது ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. இது உறுதியான கண்டுபிடிப்பு.

ஆனால் கட்டுரையின் இறுதி வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். மடலை எடுப்பதே தகுந்த முறை என்பதற்கு அது சொல்லும் காரணங்களில் கூடுதல் இறப்பு முதலில் வருகிறது, நோய் திரும்புதல் இரண்டாவதாகத்தான் வருகிறது. சான்றின் வலிமையோ இதற்கு நேர்மாறு. மொத்த இறப்பு 30 விழுக்காடு கூடியதற்கான பி மதிப்பு 0.08, அதுவும் ஒருபக்கச் சோதனையில். 0.10 என்ற வரம்பு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, ஆகவே ஆசிரியர்களின் நேர்மையில் குறையில்லை. எனினும் வழக்கமான 0.05 வரம்பை அந்த எண் எட்டவில்லை. உறுதியான கண்டுபிடிப்பும் உறுதியற்றதும் ஒரே வாக்கியத்தில் இணைந்தபின், முன்னதன் பலம் பின்னதற்கும் போய்ச் சேர்ந்தது.

மேலும் இரண்டு செய்திகளை முன்வைக்கிறேன். முதலாவது, அந்த 122 பேரில் 40 பேருக்குச் செய்யப்பட்டது ஆப்பு வடிவ வெட்டு. கூற்றின் எல்லையைப் பின்பற்றி இரத்தக்குழாயையும் மூச்சுக்குழாயையும் தனித்தனியே பிரித்துச் செய்யும் அறுவையோடு அதைச் சமமாக வைப்பது பொருந்தாது. இரண்டாவது, மடலில் ஒரு பகுதியை விட்டுவைத்தால் அங்கே புதிதாகவும் ஒரு புற்று தோன்றலாம். மார்டினியும் மெலமெடும் 1975இல் வகுத்த அளவுகோலின்படி, இரண்டும் ஒரே திசுவகையாக இருந்து இடைவெளி இரண்டாண்டுக்குக் குறைந்தால், அதே மடலில் வரும் கட்டியைப் புதியது எனக் கொள்வது அரிது. அதனால் திரும்பியதாக எண்ணப்பட்டவற்றுள் சில புதிய கட்டிகளாகவே இருந்திருக்கக்கூடும். இதை நிறுவ நேரடிச் சான்று இல்லை. ஆயினும் புறந்தள்ள இயலாத வாய்ப்பு இது.

அதே 1995இல் மார்டினி குழுவினர், முதல் நிலையில் அறுவை செய்யப்பட்ட 598 பேரைப் பற்றி எழுதினர்: அருகில் நோய் திரும்பியது 7 விழுக்காடு, உடலின் தொலைவிடங்களில் 20 விழுக்காடு. ஆகப் பெரிய ஆபத்து வெட்டின் ஓரத்துக்கு வெளியே இருந்தது.

2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வு இதற்குக் கூர்மையான சான்று தருகிறது. 2 செ.மீ.க்கு மிகாத கட்டியுள்ள 1106 பேரில், கூற்றை மட்டும் எடுத்தவர்களுக்கு அருகில் நோய் திரும்பியது 10.5 விழுக்காடு, மடலை எடுத்தவர்களுக்கு 5.4. ஐந்தாண்டு உயிர்வாழ்வோ 94.3க்கு 91.1 என முன்னவர்களுக்கே சாதகம். இறந்தோர் முறையே 58, 83. அவர்களுள் பிற நோய்களால் இறந்தவர்கள் 27, 52. கழித்துப் பார்த்தால் இருபக்கமும் எஞ்சுவது 31. அருகில் நோய் ஏறத்தாழ இருமடங்கு திரும்பியும் அந்த எண் மாறவில்லை.

இதைக் கொண்டு 1995இன் நோயாளிகளுக்கும் சிறுவெட்டே போதுமாக இருந்திருக்கும் என்று கூறிவிட முடியாது. அக்கட்டிகள் பெரியவை, அவை மார்பு எக்ஸ்ரே காலத்தவை. ஜப்பானிய ஆய்வில் இடம்பெற்றவையோ நுண்மையான சி.டி. ஸ்கேனில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. பிற நோய்களால் நேர்ந்த இறப்பு ஏன் இவ்வளவு வேறுபட்டது என்பதும் தீராத கேள்வி. மடல் அறுவையே நியதி என்ற நம்பிக்கை எந்த ஆண்டில் இறுகியது என்றும் வரையறுக்க இயலவில்லை. இவ்வளவு சொல்லலாம்: அருகில் நோய் திரும்புதலை மரணத்தின் மாற்று அளவாகக் கொண்ட வாசிப்பு, 1995இன் தரவே தாங்காத சுமையை அதன்மேல் ஏற்றியது. அந்த இரண்டையும் தனித்தனியே எண்ணுவதுதான் நோயாளிக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம்.