பந்தியில் விடுபட்டோர்

திருச்சபையின் தொடக்க நாள்களிலேயே ஒரு பொறுப்பு கைமாறியது. அது உணவுப் பங்கீட்டுப் பொறுப்பு. எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்கமொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படாமல் போயினர். முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் சீடர்களைக் கூட்டினர்; நற்சான்று பெற்ற எழுவரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. விடுபட்டோரை அறிந்தவர்களிடமே பொறுப்புச் சென்றது என்று இதிலிருந்து நாம் உய்த்துணரலாம். இந்நிகழ்ச்சியை உரைகல்லாகக் கொண்டு, நம் காலத்துப் பெரும் உணவு உதவித் திட்டம் ஒன்று துறைக்குத் துறை மாறிவந்த வரலாற்றை உரைத்துப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வயல்களில் கோதுமை தேவைக்கு மேல் விளைந்தது. விலை வீழ்ந்துவிடாதிருக்க அரசே அதை வாங்கிக் களஞ்சியங்களில் குவித்தது. குவிந்ததைக் கரையேற்ற வழி தேடியபோது பிறந்ததே, 1954 ஜூலை 10 அன்று குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட பொதுச் சட்டம் 480. நம் நாட்டில் அது 'பி.எல். 480' என்றே வழங்கிற்று. பசித்தோர்மீது கொண்ட இரக்கம் அதில் இல்லாமல் இல்லை. ஆயினும் முதல் அக்கறை உழவரின் விளைபொருள் விலைமீதே இருந்தது.

பிறந்த ஆண்டிலேயே அத்திட்டம் பல கைகளுக்குப் பிரிந்தது. வாங்கும் நாட்டின் நாணயத்திற்கே தானியம் விற்கும் பகுதி வேளாண்மைத் துறையிடம் சென்றது. பஞ்சம் முதலிய இடர்க்கால நன்கொடை, அயல்நாட்டு உதவி நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனமே இருமுறை உருமாறி 1961இல் யுஎஸ்எய்ட் ஆயிற்று. பிற நாடுகளோடு உடன்படிக்கை பேசும் பொறுப்பு வெளியுறவுத் துறைக்கு உரியதாயிற்று. 1961 ஜனவரியில் கென்னடி, 'அமைதிக்கான உணவு' என்ற பெயரில் இவற்றை ஒருங்கிணைக்க வெள்ளை மாளிகையிலேயே ஓர் அலுவலகம் அமைத்து, ஜார்ஜ் மெக்கவர்னை இயக்குநராக்கினார். 1965 அக்டோபரில் ஜான்சன் அப்பொறுப்பை வெளியுறவுத் துறைக்கு மாற்றினார்.

அப்போது இந்தியாவில் மழை பொய்த்திருந்தது. 1965, 1966 என இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வறட்சி, பீகாரில் பஞ்சம். 1966இல் இந்தியா இறக்குமதி செய்த உணவுத் தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் ஜான்சன் நீண்டகால உடன்படிக்கைக்கு இசையவில்லை. ஓரிரு மாதத் தேவைக்கு மட்டும் கப்பல்களை விடுவித்து, அவ்வப்போது தாமே முடிவு செய்தார். இந்திய வேளாண்மைக் கொள்கை மாற வேண்டும் என்பது ஒரு நோக்கம். வியட்நாம் போரை இந்தியா கண்டித்ததில் எழுந்த சினம் மற்றொன்று. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து சென்று மத்திய உணவு அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம், 1965 நவம்பரில் உரோமையில் அமெரிக்க வேளாண்மைத் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனோடு உடன்பாடு கண்டார். அதன் பின்னும் கப்பல்களின் கடிவாளம் வெள்ளை மாளிகையிடமே இருந்தது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்நாள் வாழ்வைச் சொல்வார்கள். பிறர் கையை எதிர்பார்த்து நின்ற அந்த அவமானமும் பசுமைப் புரட்சிக்கு ஓர் உந்துதலாயிற்று.

அதே சட்டத்தின் மற்றொரு வாய்க்கால் வேறு விதமாக ஓடியது. அமெரிக்க ஆயர்கள் 1943இல் நிறுவிய கத்தோலிக்கத் துயர்துடைப்புப் பணி அமைப்பு, மறைமாவட்டங்கள் வழியாக ஏழைகளுக்கு உணவுப் பொருள்களை வழங்கியது. காமராசர் காலத்தில் தொடங்கிய பள்ளி மதிய உணவுக்கு 1961 முதல் 'கேர்' நிறுவனத்தின் துணை கிட்டியது. உணவைக் காட்டி மதம் பரப்புகிறார்கள் என்ற பழி கிறிஸ்தவ அமைப்புகள்மீது எழுந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பசித்தவரின் வீடும் பெயரும் அறிந்தவர் கையிலிருந்து உணவு கிடைத்தது என்பது சிறிய செய்தியன்று.

பின்னும் மாற்றங்கள் தொடர்ந்தன. 1970களின் தொடக்கத்தில் தென் வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் உணவு உதவி மிகுதியாகத் திருப்பப்பட்டது. வறிய நாடுகளுக்கே பெரும்பங்கு போகவேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரம்பு கட்டிற்று. 1990ஆம் ஆண்டுச் சட்டம், கடன் விற்பனையை வேளாண்மைத் துறைக்கும் நன்கொடைகளை யுஎஸ்எய்டுக்கும் தெளிவாகப் பிரித்தளித்தது. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, மெக்கவர்ன், டோல் இருவர் பெயரையும் தாங்கிய பள்ளி உணவுத் திட்டம் வேளாண்மைத் துறையிடம் சேர்ந்தது.

2025இல் வந்த மாற்றம் இவை அனைத்திலும் கடுமையானது. ஜனவரி 20 அன்று அயல்நாட்டு உதவிகள் நிறுத்திவைக்கப்பட்டன. 'அமைதிக்கான உணவு' திட்டத்தை வேளாண்மைத் துறைக்கே மாற்றும் மசோதா பிப்ரவரியில் முன்மொழியப்பட்டது. ஜூலை 1 அன்று யுஎஸ்எய்ட் தன் உதவிப் பணியை முடித்துக்கொள்ள, எஞ்சியவை வெளியுறவுத் துறைக்குச் சென்றன. இந்த இடைவெளியில், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்கென்று துபாய்க் கிடங்கில் வைத்திருந்த ஏறத்தாழ 500 மெட்ரிக் டன் சத்து பிஸ்கட்டுகள், அனுப்புவதற்கான ஒப்புதல் உரிய காலத்தில் கிட்டாமையால் காலாவதியாயின. பதினைந்து இலட்சம் குழந்தைகளுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானவை என்று கணக்கிடப்பட்ட அவற்றை அழிக்க நேர்ந்தது. அப்பம் பலுகிய நாளில், எஞ்சிய துண்டுகளும் வீணாகலாகாது என்று கூடைகளில் சேர்ப்பித்தவரை வழிபடும் நமக்கு, இச்செய்தி நெஞ்சில் தைக்கிறது.

எந்தத் துறை இத்திட்டத்திற்கு ஏற்றது? வேளாண்மைத் துறையிடம் இருந்தால், உழவரின் ஆதரவு இருக்கும்வரை நிதி வெட்டுப்படாது என்பர் ஒரு சாரார். அமெரிக்கத் தானியம் கடல் கடந்து வர மாதங்கள் ஆகும். பஞ்சம் நேர்ந்த இடத்திற்கு அருகிலேயே வாங்கித் தருவது விரைவு என்பர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. தன்னலத்தில் முளைத்த திட்டம் எண்ணற்றோரின் பசி தணித்தது என்பதை மறுத்தால் நாம் நன்றி மறந்தவராவோம். ஆனால் இந்த எழுபது ஆண்டு மாற்றங்களில் விலையும் போரும் அரசியலும் பேசிய அளவுக்குப் பசித்தவரின் முறையீடு பேசவில்லை. எருசலேம் நிகழ்ச்சி நிற்கும் உயரம் இங்கேதான் புலப்படுகிறது. அங்கே மாற்றத்தைத் தொடங்கி வைத்ததே கைம்பெண்களின் குறைதான். அந்தக் குறை தீர்வதே மாற்றத்தின் முடிவாகவும் இருந்தது.

வல்லரசுகளுக்கு மட்டும் உரிய பாடமன்று இது. நம் பங்குகளிலும் வின்சென்ட் தே பவுல் சபையின் அரிசிப் பொறுப்பும் முதியோருக்கான உதவிப் பொறுப்பும் குழுவுக்குக் குழு மாறுவதுண்டு. கணக்கேடும் சாவியும் முறையாக ஒப்படைக்கப்படும். அன்று நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பழைய கை விட்டுப் புதிய கை பற்றுமுன், இந்த வாரம் யார் வீட்டு அடுப்பு எரியாமல் போகும்?