வன்னிக் குளங்களின் மாரிகால மீன்பிடி

வன்னிக் குளங்களின் மாரிகால மீன்பிடி என்பது, இலங்கையின் வட மாகாணத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலுள்ள நீர்ப்பாசனக் குளங்கள் வடகீழ்ப் பருவமழையால் நிரம்பி வான் (மிகைநீர் வழிந்தோடும் பகுதி) பாயும் காலத்தை ஒட்டி நடைபெறும் நன்னீர் மீன்பிடியாகும். தூண்டில், வீச்சுவலை, அத்தாங்கு, கரப்பு ஆகியன இதன் முதன்மைக் கருவிகள். இக்குளங்கள் நெற்செய்கைக்காகக் கட்டப்பட்டவை. ஆகவே நீர் ஏறுவதும் துருசு (மதகு) திறப்பதும் வயலின் தேவையைப் பொறுத்தே அமைகின்றன. மீன்பிடியின் பருவங்களும் அவற்றைப் பின்தொடர்கின்றன.

குளங்களும் ஆறுகளும்

வன்னி இலங்கையின் உலர் வலயத்தைச் சேர்ந்தது. இங்குள்ள ஆறுகள் மாரியில் பெருகிக் கோடையில் மணற்படுகையாகிவிடுவதால், மீனுக்கு நிலையான இருப்பிடம் குளங்களே. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்றது. பின்னர் அதன் கொள்ளளவு பல கட்டங்களாகப் பெருக்கப்பட்டது. பேராற்றில் முத்தையன்கட்டும், பாலியாற்றில் வவுனிக்குளமும் அமைந்துள்ளன. வவுனியா மாவட்டத்தில் பாவற்குளம் குறிப்பிடத்தக்கது. இவற்றைத் தவிர, ஊர்தோறும் சிறு குளங்கள் உள்ளன. பல இடங்களில் மேற்குளத்தின் வான்நீர் கீழ்க்குளத்தை நிரப்புகிறது. கோடையில் வற்றிய சிறு குளத்தில் மாரியில் மறுபடி மீன் காணப்படுவதற்கு இத்தொடர்பும் ஒரு காரணம்.

பருவம்

ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. மாரிகால நெற்செய்கையான காலபோகத்தின் விதைப்பும் இக்காலத்திலேயே நடக்கிறது. முதல் வெள்ளம் இறங்கியதும் கெண்டை இனங்கள் புதுநீரை எதிர்த்து ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் ஏறுகின்றன. குளம் நிரம்பி வான் பாயும்போது நீரோடு வெளியேறும் மீன்கள் வானுக்குக் கீழுள்ள பள்ளங்களில் சேர்கின்றன. அவற்றைப் பிடிக்க ஊரவர் கூடுவர். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவருக்கு இது கொண்டாட்டம். குளத்தை நம்பி வாழும் மீனவருக்கோ, குளத்தில் விட்ட குஞ்சுகள் கைநழுவிப் போகும் நேரம்.

வான் பகுதி ஆபத்தானது. கதவுகள் திறக்கப்படும்போது நீர் திடீரென உயரும். 2018 டிசெம்பரில் பெய்த கடும் மழையின்போது இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்டன; கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பெருவெள்ளத்துக்கு உள்ளாயின. குளங்களில் முதலைகளும் வாழ்கின்றன.

ஓகஸ்ட், செப்டெம்பரில் நிலைமை தலைகீழாகிறது. கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு நீர் எடுத்தபின் எஞ்சும் சிறு பரப்பில் மீன்கள் நெருங்கி நிற்பதால் வலைக்கு எளிதில் அகப்படும்.

மீன்கள்

விரால், கெண்டை, கெளிறு, உளுவை, விலாங்கு ஆகியவை இயல்பாக வாழ்பவை. விரால் காற்றையும் சுவாசிக்கக்கூடியது. நீர் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். பெற்றோர் காவலில் திரளாகத் திரியும் அதன் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தூண்டிற்காரருக்கு அடையாளமாகிவிடுகிறது. காவலிருக்கும் தாய்விராலைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகின்றன.

இன்று பிடிபடுவதில் பெரும்பங்கு திலாப்பியா. ஆபிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா 1952இலும் நைல் திலாப்பியா 1975இலும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டன. முட்டைகளைத் தாய் வாயில் வைத்து அடைகாப்பதால் தேங்கிய நீரிலும் இவை தாமாகப் பெருகுகின்றன. இந்தியாவிலிருந்து வந்த கட்லா, ரோகு, மிரிகால் ஆகியவை ஓடும் ஆற்றில் முட்டையிடுபவை; அவற்றின் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விட்டாலன்றிக் குளத்தில் இருப்பு நிலைக்காது.

குளிர்நீர் மீனான ட்ரவுட் வன்னியில் இல்லை. ஆங்கிலேயர் 1880களில் நுவரெலியா மலைநாட்டில் அதை அறிமுகப்படுத்தினர். 1896இல் தொடங்கிய சிலோன் மீன்பிடிக் கழகம் அங்கே ஓடைகளில் அதன் குஞ்சுகளை விட்டு, பூச்சிபோல் கட்டிய இறகுத் தூண்டிலால் பிடிக்கும் விளையாட்டை வளர்த்தது. ட்ரவுட்டுக்கு ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் குறைந்த, பிராணவாயு மிகுந்த நீர் வேண்டும். வன்னிக் குளங்களின் நீர் மாரியிலும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

பிடிக்கும் முறைகள்

கரையிலிருந்து பிடிப்போர் தடியில் தங்கூசி கட்டி, மிதப்பும் ஈயமும் பொருத்துவர். கெண்டைக்கும் கெளிறுக்கும் மண்புழு, திலாப்பியாவுக்குப் பாண் அல்லது மாவுருண்டை, விராலுக்குத் தவளை அல்லது சிறுமீன் இரையாகும். ஒடுங்கிய வாய்க்காலில் அத்தாங்கும், ஆழமற்ற நீரில் மேலிருந்து கவிழ்க்கும் கரப்பும், வான் பள்ளங்களில் வீச்சுவலையும் பயன்படுகின்றன. தொழில்முறை மீனவர் இயந்திரமற்ற சிறு வள்ளங்களில் சென்று மாலையில் செவுள் வலை விட்டுக் காலையில் எடுப்பர்.

நிர்வாகம்

இலங்கை அரசு 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கியது. உள்நாட்டுப் போரினால் வன்னி அந்நாட்களில் இந்த ஏற்பாடுகளிலிருந்து பெரிதும் விலகியே இருந்தது. 2009 வரை நீடித்த இடப்பெயர்வுகளில் மீனவர் குடும்பங்கள் குளக்கரைகளை விட்டு நீங்கின. மீள்குடியேற்றத்தின் பின் மீனவர் சங்கங்கள் புத்துயிர் பெற்றன.

1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை, சுருக்கமாக நெக்டா, குளங்களில் மீன்குஞ்சுகளையும் நன்னீர் இறால் குஞ்சுகளையும் விடுகிறது. 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணளவுள்ள செவுள் வலையும் தங்கூசி வலையும் தடைசெய்யப்பட்டவை. நீரின் பொறுப்பு நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம் போன்ற அமைப்புகளிடம் உள்ளது. துருசு திறப்பு விவசாயிகள் கலந்துகொள்ளும் போகக் கூட்டத்தின் முடிவுப்படி நடக்கிறது. பருவகாலக் குளங்களில் மாரிக்குப் பின் விடும் குஞ்சுகள் நீர் வற்றுமுன் அறுவடைக்கு வரவேண்டும் என்பதால், அக்கூட்டத்தின் முடிவு மீனவரின் வருமானத்தையும் பாதிக்கிறது.