நாடாளுமன்றமும் சமயபுரம் சுங்கச்சாவடியும்

இந்திய நாடாளுமன்றம் என்பது குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை மூன்றும் சேர்ந்தது. சட்டம் இயற்றுவது, அரசின் வரவுசெலவுக்கு ஒப்புதல் தருவது, அமைச்சரவையைக் கேள்வி கேட்பது ஆகியவை அதன் பணிகள். அந்த அதிகாரம் எதுவரை செல்கிறது என்பதைத் திருச்சிக்கு வடக்கே உள்ள சமயபுரத்தில் நேரிலேயே பார்க்கலாம்.

அங்குள்ள மாரியம்மன் கோயில் மாநில அரசின் அறநிலையத்துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. அதற்கான 1959ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது மாநிலச் சட்டமன்றம். ஊரை ஒட்டிச் செல்லும் சென்னை நெடுஞ்சாலையோ ஒன்றியப் பட்டியலுக்கு உட்பட்டது. கோயிலின் பூச்சொரிதல் விழாவுக்கு வேன் பிடித்து வரும் குடும்பம் சமயபுரம் டோல்கேட்டில் கட்டும் பணத்துக்கு ஆதாரம், நாடாளுமன்றம் இயற்றிய 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம்.

ஆனால் எவ்வளவு கட்டுவது என்பது அந்தச் சட்டத்தில் இல்லை. கட்டணத்தைக் கணக்கிடும் முறையும் ஆண்டுதோறும் அதை மாற்றும் முறையும் 2008இல் ஒன்றிய அரசு வகுத்த விதிகளில் இருக்கின்றன. சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, விதிகளை இரு அவைகளிலும் குறைந்தது 30 நாள் முன்வைக்க வேண்டும். அவைகள் அவற்றைத் திருத்தலாம். யாரும் திருத்தம் கொண்டுவராவிட்டால் விதி அப்படியே நிலைத்துவிடும். மசோதா விவாதத்தை நாடே பார்க்கிறது. மக்களின் பையைத் தொடும் விதிகளோ ஓசையின்றிக் கடந்துபோகின்றன. இவற்றை ஆராய ஈரவைகளிலும் சார்நிலைச் சட்டக் குழுக்கள் உண்டு. செய்தியில் அதிகம் அடிபடாத அக்குழுக்களின் வேலை, அவை உரைகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

விதிகளை வகுக்கும் அரசையும் நாடாளுமன்றம் கேள்வி கேட்கலாம்: அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது அரசமைப்பின் 75(3) பிரிவு. 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய் அரசு மக்களவை நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அத்தகைய நாள் அபூர்வம். அமைச்சரை அன்றாடம் பதில் சொல்ல வைப்பது கேள்வி நேரம்.

சமயபுரம் மண்ணச்சநல்லூர் சட்டமன்றத் தொகுதியில் இருப்பதால் 2008 மறுவரையறைப்படி பெரம்பலூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. தைப்பூசத்தன்று கொள்ளிடக்கரையில் அம்மனுக்குத் தங்கைச் சீர் தரும் ஸ்ரீரங்கமோ திருச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. எனவே சுங்கக் கட்டணம் பற்றி ஆற்றின் இருகரையாரும் வெவ்வேறு உறுப்பினரிடம் முறையிட வேண்டும். உறுப்பினர் நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேட்டால் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக்கேள்விகளும் எழும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அந்தப் பதில்கள் மக்களவை இணையதளத்தில் இருக்கின்றன, சமயபுரத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.