செவிச்சிற்றெலும்புச் சீரமைப்பில் குருத்தெலும்பு ஒட்டு

செவிச்சிற்றெலும்புச் சீரமைப்பு (ஓசிகுலோபிளாஸ்டி) என்பது, நடுச்செவியின் சிற்றெலும்புகள் அரிக்கப்படும்போது அல்லது பிரிந்துபோகும்போது, செவிப்பறையிலிருந்து உட்செவிக்கு ஒலியைக் கடத்தும் தொடரை மீண்டும் அமைக்கும் அறுவை மருத்துவம் ஆகும். நோயாளியின் காதிலிருந்தே எடுக்கப்படும் குருத்தெலும்பு இதற்குப் பயன்படும் பொருட்களுள் ஒன்றாகும்.

== சிற்றெலும்புத் தொடர் ==
சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று எலும்புகள் இத்தொடரில் உள்ளன. செவிப்பறையின் அதிரும் பரப்பு, அங்கவடியின் அடித்தட்டைப் போல் ஏறத்தாழ 17 மடங்கு ஆகும். நெம்புகோல் அமைப்பு விசையை மேலும் 1.3 மடங்காக்குகின்றது. இதனால் ஒலியழுத்தம் ஏறத்தாழ 22 மடங்காகின்றது. செவிப்பறை முழுமையாக இருந்து தொடர் மட்டும் அறுபட்டால், கேள்திறன் இழப்பு 60 டெசிபெல் வரை இருக்கலாம்.

நாட்பட்ட நடுச்செவி அழற்சி, கொலஸ்டியாட்டோமா, தலைக்காயம் ஆகியன முக்கிய காரணங்கள். இரத்த ஓட்டம் குறைந்த பட்டடை எலும்பின் நீள்முனையே பெரும்பாலும் முதலில் அரிக்கப்படுகின்றது.

== செய்முறை ==
செவித்துளையின் முன்னுள்ள சிறு மேட்டிலிருந்தோ செவிமடலின் குழிவிலிருந்தோ குருத்தெலும்பு எடுக்கப்படுகின்றது. அங்கவடியின் வளைவு எஞ்சியிருப்பின், சிறு குழி செதுக்கிய துண்டு அதன் தலைமீது பொருத்தப்பட்டு, செவிப்பறையைத் தொடுமாறு வைக்கப்படும். வளைவும் அழிந்திருந்தால், அடித்தட்டு வரை எட்டும் நீண்ட தூண் தேவைப்படும்.

== வரலாறு ==
1950களில் செருமனியில் வுல்சுடைன், சோல்னர் ஆகியோர் செவிப்பறைச் சீரமைப்புக்கு அடித்தளமிட்டனர். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் குருத்தெலும்பு நடுச்செவி அறுவையில் இடம்பெறத் தொடங்கியது.

== நன்மைகளும் குறைகளும் ==
குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. சுற்றியுள்ள இழையங்களிலிருந்து ஊறிவரும் ஊட்டத்தைக் கொண்டே அது உயிர்வாழ்கின்றது. நோயாளியின் சொந்த இழையம் என்பதால் உடல் அதனை எதிர்ப்பதில்லை. தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை.

எனினும் தூணாக நிறுத்தப்பட்ட குருத்தெலும்பு, ஆண்டுகள் செல்லச்செல்ல மென்மையாகி வளையலாம். உடலால் உறிஞ்சப்படவும் கூடும். அப்போது மீண்டு வந்த கேள்திறன் திரும்பவும் குறைகின்றது. ஆகவே தற்போது தூணுக்கு, செதுக்கிய பட்டடை எலும்பு, ஐதராக்சியபடைட்டு, தைட்டானியம் ஆகியன விரும்பப்படுகின்றன. தைட்டானியம் செவிப்பறையை நேரடியாகத் தொட்டால் அதனைத் துளைத்து வெளியேறக்கூடும். இதைத் தடுக்க இரண்டிற்கும் இடையே மெல்லிய குருத்தெலும்புத் தகடு வைக்கப்படுகின்றது. இதுவே குருத்தெலும்பின் இன்றைய முதன்மையான பயன் ஆகும்.

== விளைவுகள் ==
காற்றுவழி, எலும்புவழிக் கேள்திறன்களுக்கு இடையிலான வேறுபாடு 20 டெசிபெலுக்குள் அமைந்தால் அறுவை வெற்றி எனக் கொள்வது வழக்கம். யூசுடேக்கியன் குழலின் செயற்பாடும் நடுச்செவியின் சளிச்சவ்வின் நிலையும் விளைவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. தலைச்சுற்றல், சுவை மாற்றம், அரிதாக உட்செவிப் பாதிப்பு ஆகியன ஏற்படலாம். உட்செவி அல்லது செவிநரம்புக் குறைபாட்டால் வரும் கேளாமையை இவ்வறுவை குணப்படுத்தாது.

== இவற்றையும் பார்க்க ==
* நடுச்செவி
* செவிப்பறை
* குருத்தெலும்பு