குண்டு விழுந்த தூரம் வரை...

கடலூர் பஸ் ஸ்டாண்ட். உச்சி வெயில். பக்கத்தில் நிற்பவர், சிதம்பரத்தில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு செல்போன். உயிரில்லாத செல்போன்!

பன்னிரண்டாயிரம் ரூபாய். மாதம் ஆயிரத்து ஐந்நூறு வீதம் எட்டு மாதத் தவணை. வாங்கிப் பதினோராவது நாள், சார்ஜரில் போட்டிருந்த போன் அப்படியே இருட்டாகிவிட்டது. தீபாவளிக்கு மூன்றே வாரம். ஜாக்கெட் அளவு, டிசைன், 'எப்பக்கா ரெடியாகும்?' என்ற விசாரிப்பு எல்லாமே வாட்ஸ்அப்பில் வருகிற காலம். போன் இல்லையென்றால் பாதி பிழைப்பு இல்லை.

விற்ற கடைக்காரர், "வித்ததோட எங்க வேலை முடிஞ்சுதுக்கா. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல போய்க் குடுங்க" என்றார். சர்வீஸ் சென்டர் கடலூரில். அங்கே இருந்த பையன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளே தண்ணி பட்டிருக்கு. வாரன்ட்டி வராது" என்றான். எந்த இடத்தில் தண்ணீர், எப்படித் தெரியும் என்று கேட்டால், "கண்டிஷன்ஸ்ல போட்டிருக்கு சார்!" அந்தக் கண்டிஷன்ஸ், டப்பாவுக்குள் இருந்த காகிதத்தில் எறும்பு ஊர்வதுபோல அச்சடிக்கப்பட்டிருந்தது.

"தம்பி, நான் தண்ணியிலே போடவே இல்லப்பா..." அக்காவின் குரல் உடைந்தது. அதே நேரம் என் போனில் ஒரு எஸ்.எம்.எஸ். - அடுத்த தவணைத் தேதி நெருங்குகிறதாம்! (தவணைக்கு அவர் கொடுத்திருந்தது என் நம்பரையும் சேர்த்து.)

அப்போதுதான் எதிரே வந்து நின்றது ஒரு டவுன் பஸ். போர்டில் 'குண்டு உப்பலவாடி'.

அதென்ன 'குண்டு'? கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் என்னோடு கொஞ்சம் பின்னோக்கி வாருங்கள். முந்நூறு வருஷத்துக்கும் மேலே!

1690. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருக்கிறார். ஔரங்கசீப்பின் படை துரத்திக்கொண்டு வந்து கோட்டையைச் சூழ்கிறது. 1698 வரை இழுத்த முற்றுகை அது! போருக்குப் பணம் வேண்டும். கையில் இருந்ததோ, கடலூரை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் ஒரு கடற்கரைக் கோட்டை. வாங்க ஆள் தயார் - கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல். (ஆமாம், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமிதான்.) பேரம் படிந்தது. கோட்டைக்கு 'செயின்ட் டேவிட்' என்று பெயர் வைத்தார்கள்.

விஷயம் கோட்டையில் இல்லை. ஒப்பந்தத்தின் ஒரு வரியில் இருக்கிறது. கோட்டையோடு, அங்கிருந்து ஒரு பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு நிலமும் கம்பெனிக்கு!

கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால், பீரங்கிக்காரர்களின் பாஷையில் அதற்குள் ஒரு சூட்சுமம் உண்டு. பீரங்கியை நேராக நீட்டிச் சுட்டால் குண்டு கொஞ்ச தூரத்திலேயே தரையைத் தொட்டுவிடும். வாயை வானத்தைப் பார்த்துத் தூக்கிச் சுட்டால், பல மடங்கு தூரம் பறக்கும். ஒப்பந்தத்தில் இருந்த ஆங்கில வார்த்தை, இந்த இரண்டாவது வகைச் சுடுதலுக்கான வார்த்தை. தவிர, எந்தப் பீரங்கி, யார் சுடுவது என்பதெல்லாம் வாங்குகிறவர்கள் கையில்! சென்னையிலிருந்து பெரிய பீரங்கி போயிற்று. கூடவே கைதேர்ந்த சுடுநரும். 'எவ்வளவு தூரம் என்பது சுடுகிறவனின் சாமர்த்தியம்' என்கிற தொனியில் மேலிடத்து யோசனை வேறு.

1690 செப்டம்பரில் கோட்டையிலிருந்து சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லை வரை கம்பெனிக்குச் சொந்தமாயிற்று. கடலூர் நகரமும் சுற்றுப்பட்டுக் கிராமங்களும் அந்த வட்டத்துக்குள் அடக்கம். அவற்றுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் விழுந்தது. கடலூரில் 'குண்டு சாலை' இன்றும் இருக்கிறது. அந்தக் கிராமங்களில் உழுதுகொண்டிருந்த யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

அங்கே வாங்கியவர் பலசாலி. அக்காவின் கதையில் விற்றவர் பலசாலி. ஆனால், சங்கதி ஒன்றுதான். ஒப்பந்தத்தின் வாசகத்தை எழுதுகிறவர் கையில்தான் பீரங்கி இருக்கிறது. எறும்பு எழுத்துக் 'கண்டிஷன்ஸ்' எவ்வளவு தூரம் பாயும் என்பது குண்டு வந்து விழுந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது!

சிதம்பரம் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, "கோர்ட்டு கேஸுன்னு போனா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நடக்குமா தம்பி?" என்றார். நடந்திருக்கிறது. அதற்கும் ஒரு பழைய கதை, நாங்கள் போய்க்கொண்டிருந்த ஊரின் சாமி பெயரிலேயே இருக்கிறது.

தில்லைக் கூத்தனுக்கு 'ஆடவல்லான்' என்று ஒரு பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால், இந்தப் பெயர் எதிர்பாராத இடத்தில் வரும். பொன்னை எடை போட்ட கல்லின் பெயர் ஆடவல்லான்! நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த பொன்னும் நகையும், எந்தக் கல்லால் நிறுக்கப்பட்டது என்ற விவரத்தோடு கல்வெட்டில் பதிவாகியிருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்!

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தராசுக்கு முன்னால் நிற்கிற இரண்டு பேரும் சமம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்லை வைத்திருப்பவனுக்கு உண்மை தெரியும். எதிரே நிற்பவனுக்குத் தெரியாது. அதனால், இருவருக்கும் பொதுவான ஒரு கல் வேண்டும். அதற்குப் பின்னால் அரசும் சாமியும் நிற்க வேண்டும். காய்கறிக் கடைத் தராசில் இன்று அரசாங்க முத்திரை இருக்கிறதே, அதுவும் இதே யோசனைதான்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தில் அடிப்படை நேர்மாறாக இருந்தது. 'வாங்குகிறவனே, ஜாக்கிரதை!' என்று ஒரு லத்தீன் வாசகம். பார்த்து வாங்கவேண்டியது உன் பொறுப்பு என்று அர்த்தம். 1930-ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டம் இதற்குச் சில விதிவிலக்குகள் தந்தது. ஆனால், சிவில் கோர்ட்டில் போய் நிற்க வக்கீல் வேண்டும், ஸ்டாம்ப் செலவு வேண்டும், வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். செல்போனின் எந்தப் பல்லைப் பார்ப்பது?

1962 மார்ச் 15-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தன் நாடாளுமன்றத்துக்கு ஒரு செய்தி அனுப்பினார். பாதுகாப்பு, தகவல், தேர்வு செய்யும் வாய்ப்பு, குறையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கப்படுவது - நுகர்வோருக்கு இந்த நான்கும் உரிமை என்றார். உலக நுகர்வோர் தினம் மார்ச் 15-ல் வருவது இதனால்தான். 1985-ல் ஐ.நா. சபை இதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. அடுத்த வருஷமே இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986 டிசம்பர் 24 ஜனாதிபதி கையெழுத்திட்ட நாள். மாவட்டம்தோறும் குறைதீர் மன்றம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆடவல்லான் கல், மாவட்டத் தலைநகருக்கு வந்துவிட்டது!

செல்போன் வந்தது அதற்கும் ஒன்பது வருஷம் கழித்து. 1995 ஜூலை 31-ல் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் பேச்சு. 2003-ல் ரிலையன்ஸ் நிறுவனம், முதலில் 501 ரூபாய் கட்டினால் போன் கையில், மிச்சம் மாதாமாதம் என்று அறிவித்தது. ஞாபகம் இருக்கிறதா? போனும் இணைப்பும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டப்பட்ட காலம். அந்த போனை எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போக முடியாது.

நடுவில் ஒரு சறுக்கலும் நடந்தது. கேரளத்திலிருந்து போன ஒரு தொலைபேசி வழக்கில், 2009-ல் சுப்ரீம் கோர்ட், இணைப்பு, பில் சம்பந்தப்பட்ட தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு வராது. பழைய தந்திச் சட்டப்படி நடுவரிடம்தான் போக வேண்டும் என்று சொன்னது. அந்தத் தந்திச் சட்டம் பிறந்த வருஷம் 1885! இதைக் காட்டியே பல புகார்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட், 'நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கதவு அடைக்கப்படவில்லை' என்று தீர்த்துச் சொன்னது. பதின்மூன்று வருஷம் கழித்து!

இதற்கிடையே சட்டமே புதிதாகிவிட்டது. 2019-ம் வருஷச் சட்டம், 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. மன்றம் 'ஆணையம்' ஆனது. அக்காவுக்காக அன்று ராத்திரி உட்கார்ந்து அதைப் படித்தேன். படிக்கப் படிக்க, 'அட!' என்றுதான் தோன்றியது.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் ஆயிற்றா? ஆகாது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். அக்காவின் போன் செத்தது பதினோராவது நாள்!

'தண்ணி பட்டிருக்கு' என்று கடை சொன்னால் அதுவே தீர்ப்பா? இல்லை. பரிசோதித்தால்தான் பழுது தெரியும் என்றால், ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

'கடைக்கு வாங்கின போன், நீங்க கன்ஸ்யூமரே இல்லை' என்று மடக்கினால்? சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்கிறவர், அந்தப் பிழைப்புக்காக வாங்கிய பொருளுக்கும் நுகர்வோர்தான். தையல்காரருக்கும் பொருந்தும், ஆட்டோக்காரருக்கும் பொருந்தும்.

பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பிரச்னை கிளம்பிய நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

இன்னொன்று. 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற சொல்லுக்கே இந்தச் சட்டம் விளக்கம் எழுதிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த நிபந்தனைகளை எதிர்த்து மாநில ஆணையத்தில் முறையிடலாம். 1690-ல் சுட்ட பீரங்கிக்கு 2019-ல் ஒரு தடுப்புச் சுவர்!

ஒரே ஒரு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். போன் கெட்டுவிட்டதே என்ற கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். போன் விற்ற கடை வேறு, கடன் கொடுத்த நிதி நிறுவனம் வேறு. நிறுத்தினால் அபராதமும் கெட்ட பெயரும் நம் கணக்கில்தான் ஏறும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறைக் கட்டினார்.

மறுநாள் காலையில் ஒரு கடிதம் எழுதினோம். வாங்கிய தேதி, பழுதான தேதி, சர்வீஸ் சென்டரில் சொன்னது, எங்கள் கோரிக்கை, பதினைந்து நாள் கெடு. பில் நகல், சர்வீஸ் சென்டர் சீட்டின் நகல். கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, பதிவுத் தபாலில். நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிந்தோம். பில்லைத் தேடி எடுக்கத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் பட்டன் டப்பாவுக்குள் இருந்தது!

பன்னிரண்டாம் நாள் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். "என்னக்கா, இதுக்குப்போய் ரிஜிஸ்டர் தபாலா? நேர்ல வந்திருக்கலாமே!" புது போன் கைக்கு வந்தது.

எல்லோருக்கும் இப்படி ஒரு கடிதத்தில் முடிந்துவிடும் என்று சொல்லமாட்டேன். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை வேண்டுமென்றால் ஐந்து மாதத்தில், தீர்ப்பு வர வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். நடைமுறையில் வருஷங்கள் ஓடிய வழக்குகளும் உண்டு. அக்காவுக்கும் முழு நியாயம் கிடைத்துவிடவில்லை. தீபாவளி ஆர்டர் பாதி கைவிட்டுப் போயிருந்தது. "அதுக்கும் நஷ்டஈடு கேக்கலாம்க்கா" என்றேன்.

"போதும் தம்பி. பொங்கல் வருதுல்ல, தைக்கிற வேலை கெடக்கு" என்றவர், மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "ஆனா ஒண்ணு... இனிமே பில்லைப் பட்டன் டப்பாவுல போடமாட்டேன். சாமி படத்துக்குப் பின்னாடிதான் வெப்பேன்."

அந்தப் படத்தில் இருந்தவர், ஆடவல்லான்!