எண்ணப்படுவது எது: வலைவழங்கிகளின் போட்டி வரலாறு

ஒரு தளத்தின் முகவரியைக் கணினியிலோ கைப்பேசியிலோ இட்டவுடன் அத்தளத்தின் பக்கங்களை எடுத்து அனுப்பிவைக்கும் மென்பொருளே வலைவழங்கி. பேச்சில் வெப் சர்வர் எனப்படுவதும் இதுவே. இராணிப்பேட்டை மாவட்டத்துக் கலவையில் ஒருவர் மாவட்ட நிர்வாகத்தின் தளத்தைத் திறந்தால் அவர் கண்ணில் படுவது பக்கம் மட்டுமே. அதை அனுப்பிய மென்பொருள் எதுவென அவர் அறியவேண்டிய தேவை இல்லை. ஆயினும் இவ்வகை மென்பொருள்களுள் எது மிகுதியாகப் பயன்படுகிறது என்பது முப்பது ஆண்டுகளாகக் கணக்கெடுக்கப்பட்டு வருகிறது. அக்கணக்குகள் ஒன்றோடொன்று முரண்பட்டும் வருகின்றன.

முதல் வலைவழங்கியை செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் எழுதினார். அடுத்து, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி பரவியது. 1994இல் அவர் அம்மையத்தை விட்டு நீங்கியபின் அதன் வளர்ச்சி தேங்கிப்போகவே, அதைப் பயன்படுத்திவந்த தளப் பொறுப்பாளர்கள் தாம் தாம் செய்துவைத்திருந்த திருத்தங்களை ஒன்றுசேர்த்து, 1995 ஏப்ரலில் அப்பாச்சி என்னும் பெயரில் வெளியிட்டனர். அது திறமூல மென்பொருள், அதாவது மூலநிரலை எவரும் கட்டணமின்றிப் பெறவும் திருத்தவும் இடம் தருவது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று அரசுத்துறைத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டது. இங்கிலாந்தின் நெட்கிராஃப்ட் நிறுவனம் தன் முதல் கணக்கெடுப்பை நடத்தியதும் அதே மாதத்தில்தான். அப்போது அது கண்ட தளங்கள் 18,957. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை என்சிஎஸ்ஏ வழங்கியில் இயங்கின. அப்பாச்சியின் பங்கு மிகச் சிறிது. ஓராண்டுக்குள் அப்பாச்சி முதலிடத்தைப் பிடித்தது, 2005ஆம் ஆண்டின் இறுதியில் 70 சதவீதத்தையும் தொட்டது.

கணக்கெடுக்கும் முறை எளியது. தெரிந்த தளப்பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோரிக்கை அனுப்பப்படும். வரும் விடையின் தலைப்பகுதியில் வழங்கி வழக்கமாகத் தன் பெயரைத் தானே சொல்லிவிடும். அப்பெயர்களைத் தொகுத்தால் பட்டியல் கிடைத்துவிடும். எளிமையே இதன் குறையும் ஆயிற்று, ஏனெனில் ஒரு கோடிப் பேர் பார்க்கும் தளமும், எவரும் பார்க்காமல் பெயரளவில் நிறுத்திவைக்கப்பட்ட தளமும் இதில் ஒன்று ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் ஐஐஎஸ் வழங்கியை 1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் சேர்த்தே கொடுத்து இப்போட்டியில் இறங்கியிருந்தது. 2006இல், தளப்பெயர்களை விற்கும் கோடாடி நிறுவனம் விற்பனைக்காக நிறுத்திவைத்திருந்த 35 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை, லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கிய அப்பாச்சியிலிருந்து விண்டோஸின் ஐஐஎஸ்ஸுக்கு மாற்றியதும், அப்பாச்சியின் பங்கு ஒரே மாதத்தில் ஐந்து புள்ளிக்கு மேல் சரிந்தது. ஒரு நிறுவனம் எடுத்த முடிவு, உலகமே மனம் மாறியதுபோல் அட்டவணையில் தெரிந்தது.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வணிகத்தை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பதனிடும் ஆலைகளை எண்ணினால் ஒரு படம் கிடைக்கும். உருப்படிகளை எண்ணினால் ஆட்டுத்தோல் ஓங்கித் தெரியும். பதனிட்ட தோலைச் சதுர அடியில் அளந்தால், ஓர் ஆட்டுத்தோலைப்போல் பல மடங்கு பரப்புள்ள எருமைத்தோல் முன்னே வந்துவிடும். மூன்றும் மெய்யே, ஆயினும் மூன்றும் ஒரே கேள்விக்கு விடையல்ல.

அதே வட்டாரத்தில் வலைத்தள எண்ணிக்கைக்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்து செயல்படத் தொடங்கின. கலவை இராணிப்பேட்டைக்கும் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் சென்றன. முன்பு ஒரு மாவட்டத் தளம் இருந்த நிலப்பரப்புக்கு இப்போது மூன்று தளங்கள். மாவட்டத் தளங்களைத் தேசியத் தகவலியல் மையம் எஸ்3வாஸ் என்னும் பொதுக் கட்டமைப்பில் அமைத்துத் தருவதால், அங்கே வழங்கி ஒன்று மாற்றப்படுமானால் தமிழகத்தின் 38 மாவட்டங்களும் ஒருசேர மாறியவையாகக் கணக்கில் ஏறும். இவற்றை 38 தனித்தனித் தேர்வுகள் எனக் கொள்வது பிழை.

தேர்வு உண்மையாகவே நிகழ்ந்த இடமும் தமிழகத்தில் உண்டு. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட், அதாவது தமிழ்நாடு மின்னணு நிறுவனம், 2006, 2007ஆம் ஆண்டுகளில் விண்டோஸை விடுத்து சூசே லினக்ஸுக்கு மாறியது. மைய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் 2007இல் வெளிவந்தது. இத்தகைய லினக்ஸ் வெளியீடுகள் அப்பாச்சியைத் தம்முடனே தருபவை. வழங்கியின் பரவலை வழங்கியின் தரம் மட்டுமன்றி, அது எந்த இயங்குதளத்தோடு கைக்கு வந்துசேர்கிறது என்பதும் தீர்மானித்தது. ஐஐஎஸ் வளர்ந்த வழியும் இதுவே.

தரத்தால் முந்தியது என்று துணிந்து சொல்லத்தக்கது என்ஜின்எக்ஸ். ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்னும் சிக்கலை டான் கெகல் 1999இல் எழுப்பியிருந்தார். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலையோ இழையையோ ஒதுக்கும் அப்பாச்சியின் பழைய முறை அங்கே நினைவகத்தை விழுங்கியது. ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் பணியாற்றிய இகோர் சிசோயெவ், சில செயல்களே ஆயிரக்கணக்கான இணைப்புகளை மாறிமாறிக் கவனிக்கும் வழங்கியை எழுதி 2004 அக்டோபரில் வெளியிட்டார். 2019 ஏப்ரலில் நெட்கிராஃப்ட் கணக்கில் அது அப்பாச்சியை முந்தியது. ஆனால் பல இடங்களில் என்ஜின்எக்ஸ் வாசலில் நின்று கோரிக்கையை வாங்க, உள்ளே பக்கத்தை ஆக்கித்தருவது அப்பாச்சியாகவே இருக்கிறது. கணக்கில் ஏறுவதோ வாசலில் நிற்பதன் பெயர் மட்டும்.

இக்குறைகளை உணர்ந்தே நெட்கிராஃப்ட், எல்லாத் தளப்பெயர்களையும் எண்ணுவதோடு, உள்ளடக்கம் உள்ள செயற்படும் தளங்களையும், அவற்றை இயக்கும் கணினிகளையும் தனித்தனியே கணக்கிடலாயிற்று. 2014 ஜூலையில் தளப்பெயர்க் கணக்கில் மைக்ரோசாஃப்ட் முதலிடம் பெற்றபோது, செயற்படும் தளங்களின் கணக்கில் ஏறத்தாழப் பாதி அப்பாச்சியிடமே இருந்தது. பரவலை அளக்க இரண்டாவது கணக்கே தக்கது. முதற்கணக்கு பெரும்பாலும் பெயர் விற்பனையாளர்களின் நடமாட்டத்தையே காட்டுகிறது.